மாமான்னுதானே கூப்பிட்டுச்சு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, ஒரு சாக்லேட்டின் மீது எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது.

குழந்தைகள் பாதுகாப்புக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பின் செயலாளர் போன் செய்தார். காணாமல் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கதை வேண்டுமாம். பள்ளிக்கூடங்களில் கொடுக்கப்போகும் சிறு புத்தகத்துக்கு. குரலில் தேன் வடிந்தது.

"ரெண்டே பக்கம் போதும் சார். ஒரு குழந்தை, முன்பின் தெரியாத ஒரு ஆளு, கையில சாக்லேட். குழந்தை 'வேண்டாம்'னு கத்திட்டு ஓடிருது. போலீஸ் வந்து ஆளைப் பிடிக்குது. எல்லாரும் கை தட்டுறாங்க. அவ்ளோதான்."

"அந்த ஆளு முன்பின் தெரியாதவனாத்தான் இருக்கணுமா?"

"பின்னே? தெரிஞ்ச ஆளைப் போட்டா பெத்தவங்க மனசு புண்படும்ல சார்."

நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனிடம் யாராவது கதை கேட்டால் வாய் தானாகச் சரி சொல்லிவிடும். போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. நான் குடியிருக்கும் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஒரு தையல் கடை இருக்கிறது. அந்தத் தையல்காரியின் மகளை ஒன்றரை வருடமாகக் காணோம். அந்தக் கதையில் சாக்லேட்டே கிடையாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அன்று மாலை வானம் கறுத்து, நடக்கப்போகும் விபரீதத்தை முன்கூட்டியே

வேண்டாம். அன்று வானம் எப்போதும்போலத்தான் இருந்தது. பிள்ளை தொலையும் நாளில் வானம் கறுத்துக் காட்டும் என்றால் விழிப்புணர்வு எதற்கு, ஆளுக்கொரு குடை கொடுத்துவிடலாமே.

இரண்டாவது முயற்சி:

பூப்போன்ற அந்தச் சிறுமி சிரித்தால்

இதுவும் வேண்டாம். கதைகளில் காணாமல் போகிற பிள்ளைகள் எல்லாம் எதற்கு இப்படிச் சிரித்துத் தொலைக்கிறார்கள்? சிடுமூஞ்சிப் பிள்ளை காணாமல் போனால் தேட வேண்டாமா?

மூன்றாவது முயற்சி. இதை வைத்துக்கொள்கிறேன்:

அவளுக்கு அப்போது பதினோரு வயது. தெருவே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் கடையில், துணி வெட்டும் மேசைக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். வருகிறவர்களின் செருப்பை மட்டும் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவாள். என் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்து விடுவதற்காக நான் மூன்றாம் முறை போனபோது, மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மாமா, இனிமே பிரிக்கத் துணி இல்ல. லிஃப்ட்டை விட்டுட்டுப் படியில ஏறுங்க."

அவளுடைய அம்மா, "வாயைத் தைச்சுருவேன்டி" என்றாள், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே.

(அப்பா எங்கே என்று கேட்பீர்கள். காவல் நிலையத்திலும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அப்பா இல்லை. இந்தக் கதையில் அவருக்கு வேலையும் இல்லை.)

3

மேலே போவதற்கு முன் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்த வேண்டும். மாமா என்றாள் அல்லவா, அந்தச் சொல்லை.

நான் அவளுக்கு மாமன் கிடையாது. என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? இடுப்பளவு தெரியும். அவ்வளவுதான். ஆனாலும் நான் மாமா. காரணம், அவளுடைய அம்மா என்னை "அண்ணே" என்பாள். பட்டன், நூல் கொண்டுவந்து போடுகிறவர், மெஷினைப் பழுது பார்க்க வருகிறவர், கட்டிடக் காவலாளி, தண்ணீர்க் கேன் போடுகிறவர் என்று எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். தனியாகக் கடை நடத்துகிற பெண்ணுக்கு அந்தச் சொல் ஒரு தாழ்ப்பாள். முதல் வார்த்தையிலேயே "சொல்லுங்கண்ணே" என்று போட்டுவிட்டால், எதிரே நிற்பவன் வழியக் கொஞ்சம் யோசிப்பான். நம் பெண்கள் காலங்காலமாக இப்படித்தான் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அம்மாவுக்கு அண்ணன் என்றால் மகளுக்கு மாமா. அம்மா போட்ட தாழ்ப்பாள் மகள் பக்கம் திறந்து கிடக்கிறது.

அதோடு விட்டோமா? பேசத் தொடங்கும் முன்பே பிள்ளைகளைப் பழக்குகிறோம். மாமாவுக்கு டாட்டா சொல்லு. மாமா ஆசையாக் கேக்குறாருல்ல, ஒரு முத்தம் குடு. மாமா மடியில உட்காரு, ஒண்ணும் பண்ண மாட்டாரு. பிள்ளை வர மாட்டேன் என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டால், "என்ன பிள்ளை வளர்த்திருக்கே, ஆளைக் கண்டா மூஞ்சியத் திருப்புது" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறோம். பிறக்கும்போதே அதற்கு இருந்த பயத்தை, நல்ல பயத்தை, ஐந்து வயதுக்குள் திட்டித் திட்டி எடுத்துவிடுகிறோம். பிறகு பதினோரு வயதில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, முன்பின் தெரியாதவரிடம் பேசாதே என்கிறோம். முன்பின் தெரியாதவர் என்று ஒருவரை அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லையே. அது பார்த்த உலகம் முழுக்க மாமாக்கள்.

(கட்டுரை மாதிரிப் போகிறது என்று முணுமுணுக்கிறீர்கள். போகட்டும். கோபம் வந்தால் எனக்குக் கதையும் கட்டுரையும் ஒரே வாயில்தான் வருகிறது.)

4

நடந்தது இது.

பள்ளி விட்டு வந்தவளை, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினாள் அம்மா. ஏதோ பாடத்தை நகல் எடுக்க வேண்டும். பட்டப்பகல். தெரு முழுக்க ஆட்கள். கடைக்கு வெளியே ஒருவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். வாயாடி நகல் தாள்களை வாங்கிக்கொண்டு, "இருங்க மாமா, வந்துட்டேன்" என்று சொல்லி அவன் பின்னால் ஏறிப் போனாள்.

திரும்பி வரவில்லை.

அதைக் கண்ணால் பார்த்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். என் முதல் பிரதியில் இவரை ஒரு மாதிரியான ஆளாக எழுதியிருந்தேன்: சிவந்த கண், வெற்றுச் சிரிப்பு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பவர். வாசகருக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது பொய். அவர் தங்கமான மனிதர். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்காகக் காலையில் சீக்கிரம் கடை திறப்பவர். அதனால்தான் எனக்கு அவர்மேல் இவ்வளவு ஆத்திரம்.

"ஆளு முகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஹெல்மெட் போட்டிருந்தாரு."

"யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலையா?"

"எதுக்கு சார் கேக்கணும்? மாமான்னுதானே கூப்பிட்டுச்சு. சொந்தக்காரர்னு நெனச்சேன்." மேசையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். "என் பிள்ளை மாதிரி சார் அது."

காணவில்லை என்ற அறிவிப்பில் அவள் படத்தைப் போட்டு நூற்றுக்கணக்கில் நகல் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். மெஷின் சூடேறி நிற்கும்வரை எடுத்தார்.

5

இருட்டுவதற்குள் அம்மா காவல் நிலையத்துக்கு ஓடினாள். புகார் எழுதுகிறவர் பேனாவைத் திறக்கும் முன் கேட்டார்:

"பிள்ளையைத் திட்டினீங்களா?"

"காலையில தலை சீவ நிக்காம ஆடிக்கிட்டே இருந்துச்சு. 'போய்த் தொலை'ன்னேன்."

"நீங்களே தொலைன்னு சொல்லியிருக்கீங்க. கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிருக்கும். பசிச்சா தானா வந்துரும். போங்கம்மா."

இந்த மொழியில் பிள்ளை பெற்ற எந்த அம்மா 'போய்த் தொலை' என்று சொல்லவில்லை? அப்படிச் சொன்ன மறு நிமிடமே சாப்பிட்டாயா என்று கேட்பாள். அது புகார் எழுதுகிறவருக்கும் தெரியும். அவரும் ஓர் அம்மாவிடம் அந்தச் சொல்லை வாங்கி வளர்ந்தவர்தான். ஆனால் எழுதாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே.*

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. 'காணாமல் போனாள்' என்று எழுதுகிறோம். போனாள் என்றால் போனவள் அவள்; வினையைப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம். பேச்சில்தான் உண்மை இருக்கிறது. 'பிள்ளையைக் காணோம்.' காணோம் என்றால், நாம் காணவில்லை என்று அர்த்தம். எழுவாய் நாம். இலக்கண வாத்தியார்கள் எவரும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. தையல்காரி நிலைய வாசலில் நின்று "காணோம், காணோம்" என்று கத்தியபோதுதான் காதில் விழுந்தது.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்காரரை விசாரித்தார்கள். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: 'மாமா'ன்னு கூப்பிட்டுக்கிட்டுப் போச்சு. அதிகாரி உடனே தையல்காரியிடம் கேட்டார்.

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேரு?"

"ஒரே ஒரு தம்பிங்க. டைல்ஸ் ஒட்டுற வேலை."

அன்று மதியமே அந்தத் தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் தனியாகக் குளியலறைத் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தவர். கையில் சிமெண்டு காயக்கூட இல்லை.

6

அடுத்த நாள் நானும் தையல்காரியோடு நிலையத்துக்குப் போனேன். எழுத்தாளன் என்று சொன்னால் மரியாதை கிடைக்கும் என்று ஒரு நப்பாசை.

"அந்த 'மாமா' இவங்க தம்பியா இருக்கணும்னு இல்ல சார்," என்றேன். "அந்தப் பிள்ளை எல்லாரையும் மாமான்னுதான் கூப்பிடும்."

"சாட்சி தெளிவாச் சொல்லியிருக்கான். மாமான்னா யாரு? அம்மாவோட கூடப்பிறந்தவன். தமிழ் தெரியாதா உங்களுக்கு? எழுத்தாளர்னு வேற சொல்றீங்க."

"உங்க கூட வேலை பார்க்குறவங்க உங்க வீட்டுக்கு வந்தா, உங்க பிள்ளைங்க எப்படி சார் கூப்பிடும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது வேற." அப்புறம் தையல்காரி பக்கம் திரும்பினார். "இவரு யாரும்மா உங்களுக்கு?"

"அண்ணன் மாதிரிங்க."

"அப்போ இவரும் மாமாதான். இவரையும் உள்ள வெச்சு விசாரிக்கவா?"

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆனால் அதில் என்ன தப்பு என்று எனக்கு அப்போதே தோன்றியது. என்னையும் விசாரித்திருக்க வேண்டும். பட்டன்காரரை, மெஷின்காரரை, காவலாளியை, தண்ணீர்க்காரரை, அந்தப் பிள்ளை மாமா என்று கூப்பிட்ட ஒவ்வொருவனையும் அன்றே வரிசையில் நிறுத்தியிருக்க வேண்டும். அகராதியில் உள்ள ஒரே ஒரு மாமனைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற அத்தனை மாமன்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

(தெருவில் இந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு அர்த்தங்களும் உண்டு. ஒன்று காவலர்களைக் குறிக்கும். இன்னொன்று பெண்களை வைத்துப் பிழைப்பவனை. எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த அதிகாரியிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையை உள்ளேயிருந்துதான் எழுதியிருப்பேன்.)

ஜெராக்ஸ் கடைக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. அதன் கேமரா தெருவைப் பார்த்து இருந்தது. பைக்கின் எண் அதில் விழுந்திருக்கும். தையல்காரி முதல் நாளே போய்க் கேட்டாள். "போலீஸ் கேட்டாத்தான்மா காட்ட முடியும்" என்றார்கள். மறுநாள் மாலை நிலையத்தில் போய்ச் சொன்னாள். "ஆளைத்தான் பிடிச்சாச்சே, கேமரா எதுக்கு?" என்றார்கள். தம்பியிடம் ஒன்றும் கிடைக்காமல் ஒரு வாரம் கழித்து அவரை வெளியே விட்டார்கள். அப்புறம்தான் மருந்துக்கடைக்குப் போனார்கள்.

"பழசு மேலயே புதுசு பதிஞ்சுரும் சார். நாலஞ்சு நாள்தான் நிக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இந்த வரியை எழுதும்போது பேனாவை ஒடிக்கலாம் போல இருந்தது. நான் கணினியில் எழுதுகிறேன். அதனால் எழுந்து போய்க் கதவை அறைந்தேன்.

தம்பி வெளியே வந்த பிறகு ஒரு நாள் கடையில் பார்த்தேன். நகங்கள் இரண்டு கறுத்திருந்தன. அவர் குடியிருக்கும் இடத்தில், அவரைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறார்களாம்.

"என்னை மாமான்னு கூப்பிட உரிமை இருக்கிறவ அவ ஒருத்திதான். அதுக்குத்தான் அடி," என்றார். அவருடைய அக்கா மெஷினை நிறுத்தவில்லை. ஏற்கெனவே தைத்த தையல் மேலேயே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

7

இனி முடிவுகள்.

முடிவு அ. செயலாளருக்காக. வாயாடி பைக்கில் வந்தவனின் கையைக் கடித்துவிட்டுக் கத்துகிறாள், காவலர்கள் பாய்ந்து வருகிறார்கள், மேடையில் அவளுக்குக் கேடயம். (கடிக்க வேண்டியவள் பிள்ளை, கத்த வேண்டியவள் பிள்ளை, ஓட வேண்டியவளும் பிள்ளை. வளர்ந்த எருமைகள் நமக்கு எந்த வேலையும் இல்லை. கை தட்டினால் போதும்.)

முடிவு ஆ. நகருக்கு வெளியே, பயன்படுத்தாத ஒரு

எழுத மாட்டேன். இந்த வாக்கியத்தை முடிக்க உங்கள் மனம் இந்நேரம் ஓடியிருக்கும், எனக்குத் தெரியும். தினமும் படித்துப் படித்து நமக்கு இது பழகிவிட்டது.

முடிவு இ. அவள் வருகிறாள். ஒரு மத்தியான வேளை, கடை வாசலில் நிழல் விழுகிறது, அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள்.

செயலாளருக்கு மூன்றையும் அனுப்பினேன். முன்னால் உள்ள கதையையும் சேர்த்துத்தான். "அருமை சார்" என்றார். "முடிவு அ-வை வெச்சுக்குவோம். அந்த மாமா விஷயத்தை மட்டும் எடுத்துட்டா கச்சிதமா இருக்கும். எல்லா வீட்லயும் மாமா இருக்காங்கல்ல?"

"அதுக்குத்தான் சார் எழுதினேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் புத்தகம் நான் இல்லாமல் வந்துவிட்டது. அட்டையில் சாக்லேட்.

8

முடிவு இ-யைத் தையல்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றிய கதை, அவளிடம் கேட்காமல் எப்படி வெளியிடுவது? அதோடு, அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும்.

முழுவதும் கேட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இதை எத்தனை பேரு படிப்பாங்கண்ணே?"

"ஒரு ஆயிரம் பேரு படிச்சா அதிகம்."

"அந்த ஆயிரம் பேரும், பிள்ளை கிடைச்சுருச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

"கதைதானேம்மா…"

"கதையில கிடைச்சாலும் கிடைச்சதுதானே அவங்களுக்கு. அப்பாடான்னு மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க. செத்துட்டான்னு எழுதுங்களேன், அதுக்கும் ஐயோ பாவம்னு மூடி வெச்சுருவாங்க. போலீஸ்ல கேஸை மூடுனது பத்தாதா? நீங்களும் மூடணுமா?" அவள் குரல் உயர்ந்தது. அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "முடிவு எழுதாதீங்க. என் பிள்ளையை இன்னும் காணோம். அதை அப்படியே எழுதுங்க. அடையாளம் போடுங்க. இடது புருவத்துல ஒரு வெட்டு. மெஷின் மூலையில இடிச்சுக்கிட்டது. வலது காதுல தோடு போடுற ஓட்டை கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும். போடுவீங்களா?"

"போடுறேன்."

"உயரம் போடணும்ல?"

"அறிவிப்புல இருக்கிறதைப் பார்த்து…"

"அது அப்போ உள்ள உயரம். இப்போ வளர்ந்திருப்பா. நில்லுங்க."

மேசையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தாள். என் முன்னால் வந்து, கண்ணை இடுக்கி ஒரு கணம் யோசித்தாள். அளவு கொடுக்க வருகிறவர்களை அவள் பார்ப்பது அப்படித்தான். பிறகு என் சட்டையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"இவ்வளவு வந்திருப்பா," என்றாள். "நான் தைக்கிறவ, எனக்குத் தெரியும். பழைய உயரத்துல யாரும் தேட வேண்டாம்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். பழைய உயரத்தில் தேடாதீர்கள். கோடு என் சட்டையின் கழுத்துப் பட்டனுக்கு நேராக இருக்கிறது. நான் நடுத்தர உயரம். நீங்கள் உங்களுக்கு ஏற்ற மாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் விரலை அந்த இடத்தில் வையுங்கள். வெட்கப்பட வேண்டாம், யாரும் பார்க்கவில்லை. அவள் தலை அங்கே வரும். முன்பு நிறையப் பேசுவாள். இப்போதும் பேசுகிறாளா என்று தெரியாது. அந்த உயரத்தில் ஒரு பெண்பிள்ளை, அவளோ வேறு எவளோ, பக்கத்தில் நிற்கும் ஆளை மாமா என்று கூப்பிடுவது உங்கள் காதில் விழுந்தால், அப்பாடா என்று நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து கேளுங்கள்: "மாமா பேரு என்னம்மா?"

ஆள் முறைப்பான். உனக்கென்ன என்று கேட்பான். கேட்கட்டும். நீங்கள் அவனைப் பார்க்க வேண்டாம், அவள் முகத்தைப் பாருங்கள். அவளுக்குப் பதில் தெரியாவிட்டால், அங்கிருந்து கதையை எழுத வேண்டியவர் நீங்கள்.